வளர்ற பிள்ளைக்கு அளவெடுத்த துப்பாக்கி

ஜூன் மாதம் பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்து முடித்ததும் அம்மா டெய்லரிடம் தவறாமல் ஒன்று சொல்வார்: "ரெண்டு இன்ச் கூடவே வையுங்க, வளர்ற பிள்ளை." உள்ளே மடித்துத் தைத்த அந்த இரண்டு அங்குலத்தை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே பேன்ட்டில் ஓட்டியிருக்கிறேன். சைக்கிளும் அப்படித்தான். அப்பாவுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்துக்கொண்டுதான் கற்றேன். பொருளைப் பெரிதாக வாங்கினால் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும் என்பது நம் வீடுகளின் பொருளாதாரம். அதை நான் கேலி செய்யப்போவதில்லை. பேன்ட் தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் உயிர் போகாது.

துப்பாக்கியை அப்படி வாங்கினால் போகும். மானுக்கு. அதுவும் உடனே போகாது, ஓர் இரவு முழுக்க எடுத்துக்கொண்டு மெதுவாகப் போகும். முதல்முறை வேட்டைக்குப் போகும் பிள்ளைகளின் கையில் பெரியவர்கள் திணிக்கிற பெரிய தோட்டாக்களுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

நான் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வந்து பதினோரு வருடமாகிறது. இங்கே நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம். எங்கள் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். அந்த வாரம் புரொடக்‌ஷனில் யாரும் கைவைப்பதில்லை. ஏதாவது உடைந்தால் சரிசெய்ய வேண்டியவர் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார். நானும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து, பத்து பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியவன். பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் வேட்டையாடும் பிள்ளைகளுக்கு இருந்த குறைந்தபட்ச வயது வரம்பை 2017ல் இந்த மாநிலம் எடுத்தேவிட்டது. ஆகவே, பிள்ளை கையில் எதைக் கொடுப்பது என்பது இங்கே வருடாவருடம் ஆயிரக்கணக்கான சாப்பாட்டு மேசைகளில் முடிவாகிற விஷயம்.

"குழந்தை கையில் எதற்குத் துப்பாக்கி? மானை எதற்குக் கொல்ல வேண்டும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த எனக்கும் அது தொண்டையில் நின்ற கேள்விதான். அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நாளை காலை ஐந்து மணிக்குக் காட்டுக்குள் போகவிருக்கும் பெண்ணுக்கும், அவள் முன்னால் வரப்போகும் மானுக்கும் நம் விவாதத்தால் ஒரு பயனும் இல்லை. அவள் துப்பாக்கிக்குள் என்ன தோட்டா இருக்கிறது என்பதுதான் அவர்கள் இருவருக்கும் முக்கியம்.

*

என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட குளிர்காலத்தில், கேட்காமலே வந்து எங்கள் வாசலில் பனி தள்ளிவிட்டுப் போனவர். அவர் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எடை நாற்பது கிலோ இருந்தால் அதிகம். பிறந்தநாளுக்கு அவளுடைய தாய்மாமா தன் பழைய துப்பாக்கியின் கட்டையை அறுத்துக் குட்டையாக்கி, மெருகேற்றிக் கொடுத்தார். அழகான துப்பாக்கி. தோட்டா .300 வின்செஸ்டர் மேக்னம்.

பருவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சுடும் பயிற்சித் திடலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். முதல் குண்டு வெடித்ததும் அவள் தோள் பின்னால் போய்த் திரும்பிய விதத்தைப் பார்த்து என் வாய் வறண்டுபோனது. அவள் சிரித்தாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதற்கு முன் பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர், அவளுக்குத் தெரியாமல் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைப் போட்டார். அவள் குறிபார்த்து விசையை இழுத்தாள். 'க்ளிக்.' வெடிக்கவே வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் ஒரு சாண் கீழே குத்தி எழுந்தது.

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை.

இதற்கு இங்கே ஃப்ளிஞ்ச் என்று பெயர். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பு முன்கூட்டியே ஒடுங்கிக்கொள்வது. கை ஓங்கும் வாத்தியார் முன்னால் நாமெல்லாம் கண்ணை மூடியிருக்கிறோமே, அதேதான். உடம்பு இதை மூன்று குண்டில் கற்றுக்கொள்ளும். மறக்கடிக்க மூன்று வருடம் ஆகும். துப்பாக்கி வெடிக்கும்போது குழல் முன்பே தாழ்ந்துவிட்டது கண்ணில் படாது, உதைப்பு அதை மறைத்துவிடும். டம்மி தோட்டா மறைக்க விடாது.

அன்று எனக்கு அது புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று வந்த இந்தியன், மூன்று தலைமுறையாக வேட்டையாடும் குடும்பத்துக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுப்பதா என்ற தயக்கம். வண்டியில் ஏறும்போது அவரே சொன்னார்: "பெரிய தோட்டா. கொஞ்சம் தப்பினாலும் மன்னிச்சுடும்." நான் தலையாட்டினேன்.

பருவத்தின் இரண்டாம் நாள், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவள் சுட்டாள். எழுபது மீட்டர்கூட இருக்காது. மான் முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, மெல்ல ஓடியது. போய்ப் பார்த்தபோது பனியில் ரத்தம் குறைவாக இருந்தது. பச்சையாக ஏதோ கலந்திருந்தது. குண்டு இரைப்பையில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரி மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். காலை வரை காத்திருந்தோம். பத்து மணிக்குச் சதுப்பு நிலத்து ஓரம் கண்டுபிடித்தோம். உயிரோடு இருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அப்பா முடித்துவைத்தார். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி நடக்கும்போது என் பக்கத்தில் வந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "நான் கண்ணை மூடிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் வேட்டைக்குப் போகவில்லை. "அவளுக்கு இதுல இஷ்டமில்ல" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். இதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. தவறு செய்தது பெரியவர்கள், பழி அவள் இஷ்டத்தின் மேல்.

*

கணக்கைப் பார்ப்போம். பொறியியல் படித்ததற்கு இதுவாவது பயன்படட்டும்.

தோட்டா என்பது பித்தளை உறை, அதற்குள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டும் வெடிமருந்தின் வாயுவும் முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். நியூட்டன் வயதுச் சலுகை தருவதில்லை. தொலைநோக்கியோடு சேர்த்து 3.2 கிலோ எடையுள்ள துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. .243 வின்செஸ்டரின் உதைப்பு ஏறத்தாழ 13 ஜூல். 6.5 க்ரீட்மோரும் 7எம்எம்-08 ரெமிங்டனும் 20ஐ ஒட்டி. .30-06 சுமார் 32. .300 வின்செஸ்டர் மேக்னம் சுமார் 42. அதாவது .243ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இதோடு முடியவில்லை. ஒரே தோட்டாவுக்கு உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதம். பிள்ளைகளுக்கென்று விற்கிற துப்பாக்கிகள் குட்டையானவை, லேசானவை. 3.2 கிலோவை 2.6 ஆக்கினால் 42 ஜூல் 52 ஆகும். பிள்ளை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று எடையைக் குறைத்த அன்பு, நேராக அவள் தோளில் வந்து இறங்குகிறது.

பிறகு சத்தம். உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டினாலே காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். வேட்டைத் துப்பாக்கிகள் 160ஐச் சாதாரணமாகத் தாண்டும். உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் பிரேக், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, சத்தத்தைச் சுடுகிறவர் காதுக்கே கொண்டுவரும். பாதி ஃப்ளிஞ்ச் தோளிலிருந்து வருவதில்லை, காதிலிருந்து வருகிறது.

சரி, இவ்வளவு உதையை வாங்கிக்கொண்டு என்ன கிடைக்கிறது? "மானை அப்படியே தூக்கி அடிக்கும்" என்பார்கள். 11.7 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போய் 70 கிலோ மானுக்குள் முழுசாக நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மானுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர். தவழும் குழந்தை இதைவிட வேகமாகப் போகும். குண்டு மானைத் தூக்கி எறியுமென்றால், துப்பாக்கி நம்மையும் தூக்கி எறிந்திருக்க வேண்டும். சினிமாவில் வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறப்பது கயிறு கட்டி இழுப்பதால்.

மான் சாவது நுரையீரலும் இதயமும் கிழிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ரத்தம் போகாததால். அந்த இடம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அங்கே .243 குண்டு பட்டாலும் மான் கொஞ்ச தூரத்துக்குள் விழும். இரைப்பையில் மேக்னம் பட்டாலும் அது சதுப்பு நிலத்து இரவுதான். பெரிய தோட்டா ஒரு தவறையும் மன்னிப்பதில்லை. தவறை உண்டாக்கி வைக்கிறது.

*

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"நானெல்லாம் பத்து வயசுல தாத்தாவோட தர்ட்டி-ஆட்-சிக்ஸ்லதான் கத்துக்கிட்டேன். எனக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் நீங்கள் இந்த மேசையில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். அதே வயதில் தோள் கன்றிப்போய், கண்ணை மூடிச் சுட்டு, இனி வேண்டாம் என்று போனவர்கள் இந்த மேசையில் இல்லை. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. பிரம்படி வாங்கித்தான் நான் உருப்பட்டேன் என்று ஊரில் சொல்கிற மாமாக்களின் புள்ளியியலும் இதுதான்.

"இப்ப சின்னதா வாங்கினா, நாலு வருஷம் கழிச்சு இன்னொன்னு வாங்கணும்." இதுதான் இரண்டு இன்ச் மடிப்புத் தையல். முதலில், இது கணக்காகவே தப்பு. 7எம்எம்-08 யாரும் வளர்ந்து கடந்துபோகிற தோட்டா கிடையாது. 1980ல் வந்தது. கார்பெட்டைத் தமிழில் படித்தவர்களுக்கு அதன் பெரியப்பாவைத் தெரிந்திருக்கும். 1926ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் வீழ்த்திய .275 ரிக்பிதான் அது. 7x57 மௌசர் என்பதும் அதுவே. அதே குறுக்களவு, கிட்டத்தட்ட அதே வேகம். ஆறடி உயர கார்பெட்டுக்குப் போதுமாக இருந்தது, ஐந்தடிப் பிள்ளை வளர்ந்த பிறகு போதாமல் போய்விடுமா?

"மான் சரி. எல்க், மூஸ் வந்தால்?" ஸ்வீடனில் நூறு வருடத்துக்கும் மேலாக மூஸை 6.5x55 தோட்டாவால் வேட்டையாடுகிறார்கள். உதைப்பில் அது நம் 6.5 க்ரீட்மோரின் அக்கம்பக்கம். நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் வருடாவருடம் சுடும் தேர்வில் தேற வேண்டும். அதாவது உன் தோட்டா எவ்வளவு பெரியது என்பதோடு விடாமல், அதை எங்கே வைக்கிறாய் என்று காட்டச் சொல்கிறார்கள். அந்தத் தேர்வை இங்கே தந்தைமார்களுக்கு வைத்தால், எத்தனை மேக்னம் அலமாரியிலேயே தங்கிவிடும்!

மறுபக்கத்தில், "1946ல் ஜான் நோஸ்லருக்கு என்ன நடந்தது?" என்று நான் கேட்பேன். கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போன அவர் கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். சேறு அப்பிய தோள்மேல் குண்டுகள் உள்ளே போகாமல் சிதறின. அவர் ஊருக்குத் திரும்பி இன்னும் பெரிய துப்பாக்கி தேடவில்லை. உள்ளே தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் ஊடுருவும் குண்டைச் செய்தார். 1948ல் பார்ட்டிஷன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் கட்டுமானம் முக்கியம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்று நல்ல குண்டு வாங்க ஒரு பெட்டிக்குச் சில டாலர்கள்தான் கூட ஆகும். அதில் மிச்சம் பிடித்துவிட்டு மேக்னத்தில் ஈடுகட்டப் பார்க்கிறோம்.

எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. உதைக்கவே கூடாது என்று .223ஐக் கொடுத்து மானுக்கு அனுப்புகிறவர்கள். விஸ்கான்ஸின் சட்டம் அதை அனுமதிக்கிறது. கொலராடோ சட்டம் .24க்குக் குறைந்த குறுக்களவை மானுக்கும் எல்க்குக்கும் அனுமதிப்பதில்லை. நான் கொலராடோ பக்கம். லேசான குண்டு எலும்பில் பட்டால் மிச்சத் தெம்பு இருக்காது. தேர்ந்தவர் நல்ல கோணத்துக்காகக் காத்திருப்பார், பிள்ளை காத்திருக்காது. கரமோஜோ பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டார், அதில் பெரும்பகுதி இதே 7x57ஆல்தான் என்று கதை சொல்லிக்கொண்டு வராதீர்கள். பெல் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். உங்கள் பிள்ளைக்கு நாளைதான் முதல் நாள்.

*

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதல் வருடம் .22 ரிம்ஃபயர். உதைப்பே கிடையாது, தோட்டாவும் மலிவு. ஆயிரம் குண்டு சுடட்டும். நின்று, உட்கார்ந்து, முட்டி போட்டு. காதில் அடைப்பானும் அதன்மேல் மூடியும், இரண்டும். பிறகு அவள் கை நீளத்துக்குக் கட்டை அளவெடுத்த 6.5 க்ரீட்மோர் அல்லது 7எம்எம்-08. ரொம்பச் சின்ன உடம்பென்றால் .243, உறுதியான குண்டோடு, நூறு நூற்றைம்பது மீட்டருக்குள், பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு மட்டும். வீட்டில் .308 தான் இருக்கிறதா? உதைப்பைக் குறைப்பதற்கென்றே மருந்து குறைத்து நிரப்பிய தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. துப்பாக்கி கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். எடையைத் தோள் தாங்க வேண்டியதில்லை, ஒரு முட்டுக்கோல் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பையில் இரண்டு டம்மி தோட்டா. குழல் அசையாத நாள் வரைக்கும் காட்டுப் பக்கமே போகாதீர்கள்.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. இங்கே பழைய வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின் ஏன் இன்னும் மேக்னம் வாங்குகிறார்கள்? ஏனென்றால் அந்தத் துப்பாக்கி பிள்ளைக்காக வாங்கப்படுவதில்லை. முகாமில் நாலு பேர் நடுவே "என் பொண்ணு த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் சுடறா" என்று சொல்லிக்கொள்ள வாங்கப்படுகிறது. "என் பையன் ஆறாங்கிளாஸ்லயே ஐஐடி கோச்சிங் போறான்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறவரின் குரல் எனக்கு அதில் கேட்கிறது. உதை வாங்குவது பிள்ளை. பெருமை அப்பாவுக்கு. விலையைக் கொடுப்பது, இந்தக் கணக்கில் சேர்க்கப்படாத ஒரு மான்.

அந்த அப்பாக்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நடந்ததையெல்லாம் அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் அன்னிக்கே தெரிஞ்சுதே, சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மரியாதை, விருந்தினர் நாகரிகம், வெளிநாட்டுக்காரனின் அடக்கம் என்று எத்தனை பெயர் வைத்தாலும், ஒரு நாற்பது கிலோப் பெண் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். 'க்ளிக்' சத்தத்துக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் அவளே கேட்டாள், நானும் வரட்டுமா என்று. துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கல்லாவில் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "கொஞ்சம் பெருசா வாங்கிடுங்க. வளர்ற பொண்ணு."

அம்மா குரலை இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால், இங்கிலீஷில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, அவள் முழங்கை மடிப்பிலிருந்து விரல் முதல் கணு வரை அளந்தேன்.

"இதுக்கு .22ல என்ன இருக்கு, அதைக் காட்டுங்க" என்றேன். "மிச்சத்தை அவ வளர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்."